தங்கைக்கு வந்த வருத்தம், அடையாறில் எழுந்த வைத்தியசாலை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

யூலை மாதம் வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் ஒருமுறையாவது காதில் விழும். 1886 யூலை 30இல் பிறந்தவர். 1968 யூலை 22இல், தனது 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் மறைந்தவர். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதற் பெண் என்ற அளவில் எம்மில் பலர் அவரை அறிந்திருப்போம்.

இந்த முறை அவரை நினைக்க வைத்தது வேறு விசயம். மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் இருக்கும் எனது மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். குசினி லாச்சியில் மின்சாரக் கட்டணக் கடிதத்தைத் தேடியபோது, உடைக்காத உறையொன்று கையில் அகப்பட்டது. கியூபெக் அரசின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்திலிருந்து மாமியை மமோகிராம் எடுக்க வரச்சொல்லி வந்த கடிதம். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வந்ததும் அதற்கு அடியிலேயே கிடந்தது. மாமிக்கு வயது 62. பிரெஞ்சில் வந்ததால் வரிக் கடிதமாக்கும் என்று வைத்துவிட்டேன் என்றார் முதலில். தேநீர் குடித்து முடிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். போய்ப் பார்த்து, ஏதும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மகளுக்கு வேறு இப்போதுதான் கலியாணம் பேசுகிறோம் என்றார்.

அன்றிரவு வீடு திரும்பும்போது முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை நினைவுக்கு வந்தார். அந்தத் தங்கை இல்லாவிட்டால் அடையாறு புற்றுநோய் வைத்தியசாலை இல்லை. எங்கள் ஊர்களில் அடையாறுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்ப் பெயரே வருத்தத்தின் பெயராகியிருந்தது.

முத்துலட்சுமி பிறந்தது புதுக்கோட்டை சமஸ்தானத்தில். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராசா கல்லூரியின் தலைமை ஆசிரியர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர், தேவதாசிக் குடும்பம். இந்த உறவினால் நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கி வைத்தன. நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி தந்தை வழியில் அத்தை முறை என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். இரண்டு பக்கமும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளாத ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். சபையில் தன் குடும்பத்தைப் பற்றி யார் என்ன சொல்வார்கள் என்ற பயம் பின்னாளில் அவரிடம் பெரிதாக இருக்கவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெண்பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற காலம். வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெற்றிக்குலேஷன் சித்தியடைந்தார். அதன் பின் மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்பு. ஆண்கள் படிக்கும் கல்லூரிக்குள் ஒரு பெண், அதுவும் இந்தக் குடும்பத்துப் பெண். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார். அங்கே படித்த முதற் பெண் இவர்தான் என்று சிலர் எழுதுவது சரியல்ல. 1870களிலேயே மேரி ஷார்லீப் முதலான சில பெண்கள் அங்கே படித்திருக்கிறார்கள். ஆனால் எழும்பூர் அரசு மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளகப் பெண் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பணியாற்றிய முதற் பெண் என்ற பெருமை அவருக்கு உண்டு.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். சுந்தர ரெட்டி கடைசி வரை அந்த வாக்கைக் காத்தார் என்றே தெரிகிறது. இரண்டு ஆண்பிள்ளைகள். இளையவர் கிருஷ்ணமூர்த்தி இந்தக் கதையில் பிறகு வருவார்.

இனித் தங்கை.

1922இல் முத்துலட்சுமியின் இளைய சகோதரிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. இரத்தமும் போனது. வயிற்றுளைவு என்று சொல்லி அதற்கே மருந்து கொடுத்தார்கள். கிழமைகள் மாதங்களாயின. சரியான நோய் எது என்று கண்டுபிடித்தபோது அது மலக்குடற் புற்றுநோய், அதுவும் கைமீறிப் போன நிலை. அக்கா சென்னையிலேயே பெயர் பெற்ற வைத்தியர். அக்காவின் கணவரும் வைத்தியர். அந்த நாளில் சென்னையில் கிடைக்கக்கூடிய எந்த நிபுணரையும் அவர்களால் வீட்டுக்கு அழைத்திருக்க முடியும். அப்படிப்பட்ட வீட்டிலேயே இது நடந்தது. நோவைத் தணிப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இருக்கவில்லை. 1923இல் அந்தத் தங்கை இறந்தார். அவரை அருகிலிருந்து பார்த்தது அக்காதான்.

ஒரு வைத்தியருக்கு இதைவிடக் கொடுமை இருக்குமா தெரியவில்லை. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், வைத்தியரைக் காண ஆறு மாதம் காத்திருக்கும் எங்களுக்கு அந்த வேதனை வேறு விதமாகப் புரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே தவறவிடுவது இன்னொரு வகை. அன்று இந்தியாவில் புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு வைத்தியசாலை இருக்கவில்லை. பம்பாயில் ரற்றா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டதே 1941இல்தான்.

1925இல் அரசு உதவித்தொகையோடு முத்துலட்சுமி லண்டனுக்குப் போனார். கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போனார். போனது செல்சி மகளிர் வைத்தியசாலையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காக. ஆனால் அங்கிருந்த ரோயல் புற்றுநோய் வைத்தியசாலை அவரை இழுத்தது. இன்று ரோயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படுவது அதுதான். புற்றுநோய் என்றால் மரணம் என்று மட்டுமே நம்பிய ஊரிலிருந்து போனவர், நேரத்தோடு வந்தவர்கள் வெட்டியும் கதிர் வைத்தும் சுகமாகி நடந்து வெளியே போவதைக் கண்டார். இது சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதியானது.

திரும்பி வந்தவரை அரசியல் பிடித்துக்கொண்டது. சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு 1927இல் அதன் துணைத் தலைவராகத் தெரிவானார். கோயிலுக்குப் பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சட்டம் முழுமையாக வர 1947 ஆனது. தேவதாசி மரபினரில் ஒரு பகுதியினரே அவரை எதிர்த்தார்கள். கலையையும் சீவனத்தையும் சேர்த்தே பறித்துவிட்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அடுத்து அவ்வை இல்லம். தாசி மரபிலிருந்து தப்பி வந்த சிறுமிகளை எந்த விடுதியும் ஏற்காதபோது தன் வீட்டிலேயே இடம் கொடுத்ததில் தொடங்கியது அது. பின்னர் அடையாறில் நிலையானது.

இவ்வளவுக்கும் நடுவில் தங்கையின் கணக்கு தீராமலே இருந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. வாழ்த்திப் பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் அந்த மேடையில் சென்னைக்கு ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்ட வேண்டும் என்ற தன் விருப்பத்தை அறிவித்தார். அதன் பின் உலகப்போர், சுதந்திரம், ஆட்சி மாற்றம் எல்லாம் வந்து போயின. கேட்ட இடங்களில் பெரிதாக உதவி கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சனங்கள் சாகத்தானே செய்கிறார்கள், அதற்கு எதற்கு ஒரு வைத்தியசாலை என்று பொறுப்பில் இருந்த ஒருவரே கேட்டதாக அடையாறில் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கேட்டவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ட நோயாளிகள் எல்லோரும் கடைசிக் கட்டத்தில் வந்து இறந்தவர்கள். அதனால் அப்படிக் கேட்டார். வைத்தியசாலை இல்லாததால் பிந்தி வந்தார்கள், பிந்தி வந்ததால் இறந்தார்கள், இறந்ததால் வைத்தியசாலை வேண்டாம் என்றார்கள். இந்தச் சுற்றை எங்கேயாவது அறுக்க வேண்டியிருந்தது.

இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள். மகன் கிருஷ்ணமூர்த்தி தாயின் எண்ணத்தைத் தன் தொழிலாக்கி, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையை வெளிநாட்டில் பயின்று திரும்பியிருந்தார். 1952 ஒக்ரோபர் 10இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18இல் அடையாறில் வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது. மொத்தம் 12 கட்டில்கள். தங்கை இறந்து 31 வருடங்கள் கழிந்திருந்தன. முத்துலட்சுமிக்கு வயது 67, பெரும்பாலானோர் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிடும் வயது.

அடுத்த வருடம் இளம் வைத்தியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரசு மகப்பேற்று வைத்தியசாலையில் நல்ல பதவி காத்திருந்தும் அதை விட்டுவிட்டு வந்த வி. சாந்தா. 2021இல் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. முத்துலட்சுமி கட்டினார், கிருஷ்ணமூர்த்தி நடத்தினார், சாந்தா தாங்கினார் என்று சொன்னால் பிழையில்லை. பணம் இல்லாதவருக்கும் அதே சிகிச்சை என்ற விதி முதல் நாளிலிருந்தே இருந்தது.

இங்கே கனடா வருகிறது. அடையாறின் முதல் வருடங்களில், இந்தியாவின் முதலாவது கோபால்ட்-60 கதிர்ச் சிகிச்சை இயந்திரம் கனடாவிலிருந்து அந்தச் சிறிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. கோபால்ட் கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை 1951இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரிலும் சஸ்கற்றூனிலும் சில நாட்கள் இடைவெளியில் ஆரம்பித்தது. அந்தக் கோபால்ட்டைச் செய்தது சோக் றிவர் அணு உலை. அந்த உலையைத் திட்டமிட்ட விஞ்ஞானிகள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேலை செய்தது மொன்றியல் பல்கலைக்கழகக் கட்டடத்தில். கோட் டே நேஜ் பகுதியில் குடியிருந்த எம்மவருக்கு அந்தக் கோபுரம் நன்றாகத் தெரியும். பேருந்துக்குக் குளிரில் நின்று எத்தனை முறை அதைப் பார்த்திருப்போம். அங்கே போட்ட கணக்குகளின் ஒரு துளி அடையாறில் ஒரு தமிழ்ப் பெண்ணின் மார்பில் இருந்த கட்டியைச் சுருக்கியிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மார்பகப் புற்றுநோயும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுமே அடையாறுக்கு வந்த பெண்களிடம் அதிகம். அன்று மமோகிராம் கிடையாது. கையால் தடவிப் பார்த்து அறிவதுதான். அதையும் அந்தப் பெண் யாரிடமாவது சொன்னால்தான். கணவனிடம் சொல்லக் கூச்சம், மாமியாரிடம் சொல்லப் பயம், ஆண் வைத்தியரிடம் காட்டுவதைவிடச் சாவது மேல். புற்றுநோய் தொற்றும் என்று நம்பியதால் தட்டும் கோப்பையும் வேறாக்கி வைப்பார்கள். கட்டி தோலை உடைத்து வெளியே வந்த பிறகு, மணம் மறைக்க முடியாமல் போன பிறகுதான் கூட்டிக்கொண்டு வருவார்கள். சிகிச்சை என்றால் மார்பு முழுவதையும், அதற்குக் கீழுள்ள தசையையும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து வெட்டியெடுப்பது. பலருக்கு அந்தப் பக்கத்துக் கை வாழ்நாள் முழுதும் வீங்கியே இருக்கும். அப்படிப் பிந்தி வந்தவர்களைக் கைவிடாமல், முதலில் கதிரும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி அதன் பின் வெட்டும் வழியை அடையாறு பிற்காலத்தில் வளர்த்தெடுத்தது. முதல் வைத்தியரே பெண் என்பதால் வந்தவர்கள் பலர்.

என் பெரியம்மா போனதும் அங்கேதான். 1994இல், யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைத் தாண்டி, கொழும்பு போய், அங்கிருந்து சென்னை. கட்டியைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று அங்கே போன பிறகுதான் தங்கைமாருக்கே சொன்னார். கடைசி மகளின் கலியாணம் முடியட்டும் என்று காத்திருந்தாராம். அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். போர்ப் பாதையில் பிந்திய நாட்களைவிட, வாய் திறக்காமல் பிந்திய நாட்களே அதிகம்.

மொன்றியலில் கடலும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. கியூபெக்கின் பரிசோதனைத் திட்டம் 1998இல் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடிதம் வந்தது. இப்போது 74 வயது வரை நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கடிதமே வைத்தியரின் துண்டுக்குச் சமம். குடும்ப வைத்தியர் இல்லாதவர்களும் அதைக் காட்டி நேரம் எடுக்கலாம். சுகாதாரக் காப்பீட்டு அட்டை இருந்தால் காசு இல்லை. மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அமர்த்திப் படம் பிடிப்பார்கள். நோகும், ஆனால் சில வினாடிதான். பெரும்பாலும் படம் எடுப்பவர் பெண்.

திரும்பவும் வரச்சொல்லிக் கடிதம் வந்தால் உலகம் முடிந்துவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. இன்னொரு படம், ஒரு ஸ்கான், சிலருக்கு ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பான்மையானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இருந்தாலும், சிறிதாக இருக்கையில் அகப்பட்டால் கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சச் சதையையும் மட்டும் எடுப்பார்கள், மார்பு இருக்கும். அக்குளில் முதலாவது கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பதால் கை வீங்குவதும் இப்போது குறைவு. பிறகு கதிர், வாரத்தில் ஐந்து நாளாகச் சில கிழமைகள். கீமோ எல்லோருக்கும் இல்லை. கட்டியின் வகையைப் பொறுத்து முடிவு செய்வார்கள். ஹோர்மோனால் வளரும் வகை என்றால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினமும் ஒரு மாத்திரை. இந்த மாத்திரைக் காலத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. மூட்டு நோ, உடல் சூடு, நித்திரையின்மை. தலைமயிர் வளர்ந்துவிட்டது, சுகம் வந்துவிட்டது என்று வீட்டார் எண்ணும்போது அவர் உள்ளுக்குள் களைத்துப் போயிருப்பார். கையைத் தூக்கிப் பயிற்சி செய்யச் சொன்னால் செய்ய விடுங்கள். அந்த நேரம் வந்து சோற்றுப் பானையை இறக்கச் சொல்லாதீர்கள்.

ஒன்று முக்கியம். மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுபடுதல், காம்பால் இரத்தம், இவற்றில் எதையாவது கண்டால் கடிதம் வரும் வரை பார்த்திருக்கக் கூடாது. 50 ஆகவில்லையே என்பதும் காரணமாகாது.

முத்துலட்சுமிக்கு 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதன் பிறகும் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தார். 12 கட்டில்கள் பெருகியதைக் கண்ணால் கண்டார். தன் மகன் வெட்டிய கட்டிகளோடு பெண்கள் உயிருடன் வீடு போவதையும் கண்டார். 1923இல் வைத்தியரான அக்காவுக்குக் கிடைக்காத அந்தக் காட்சி, 1960களில் கூலிக்காரப் பெண்ணின் அக்காவுக்குக் கிடைத்தது. இன்று அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

மாமியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தேவதாசி விசயத்தையும் ஜெமினி கணேசனையும் பற்றித்தான் அதிகம் கேட்டார். தங்கையின் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசி எடுத்து, அந்த இலக்கத்துக்கு அடித்தால் ஆங்கிலத்தில் கதைப்பார்களா என்று கேட்டார். நேரம் எடுத்தாயிற்று. அடுத்த மாதம் முதற் கிழமை, காலை ஒன்பதரைக்கு. மகளுக்கும் சொல்லிவிட்டார். நானும் கூடப் போகிறேன்.